வல்லுநர் புறப்பட்டுவிட்டார்

அந்தக் கம்பெனியில் சம்பளம் உயராது, பதவி மட்டும் உயரும். செய்வது லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அதை அப்படிச் சொன்னால் முதலாளிக்குப் பிடிக்காது. "நாம மனுஷங்களை உயர்த்துறோம்" என்பார், சட்டைக் காலரை இழுத்துவிட்டபடி. வருஷத்துக்கு ஒரு தடவை ஊழியர்கள் அவர் அறைக்குப் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். அவரும் மனமிரங்கிப் புது விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்து அனுப்புவார். இப்படித்தான் கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் போடுகிறவன் 'துணைத் தலைவர், மசகுப் பிரிவு' ஆனான். சட்டக் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு டெலிபோன் எடுக்க வந்தவன் 'தலைமைச் சட்ட ஆலோசகர்' ஆனான். மூன்றாமவன் 'இயக்குநர், அவசர உதவி.' கம்பெனியில் எல்லோரும் மேலிடம்தான். கீழே ஆளே கிடையாது.

துணைத் தலைவரை நண்பர்கள் ஜெனரேட்டர் என்பார்கள். வாயைத் திறந்தால் முதலில் சத்தம் வரும், விஷயம் பிறகுதான் வரும். சட்ட ஆலோசகருக்குப் பெயர் வக்கீல். இயக்குநருக்குப் பெயர் வாரிசு. அவன் முதலாளியின் தம்பி மகன். முதலாளிக்குப் பிள்ளை இல்லை. அப்பா போன பிறகு, பெரியப்பா வீட்டுப் பின்னறையில் இஸ்திரி மேஜைக்கும் உடைந்த தையல் மிஷினுக்கும் நடுவே கட்டில் போட்டு வளர்ந்தவன். "எல்லாம் உனக்குத்தாண்டா" என்று பெரியப்பா தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். எல்லாம் என்று அவர் கை வீசிக் காட்டும் பக்கத்தில் ஒரு சுழல் நாற்காலியும் ஒரு பித்தளை மேஜை மணியும் ஒரு இரும்பு அலமாரியும் இருக்கும்.

வாரிசுக்கு அந்த எல்லாமும் வேண்டாம். அலமாரிக்குள் இருந்த ஒரே ஒரு பை போதும்.

அது அவனுடைய கருவிப் பை. ஸ்பேனர், திருப்புளி, லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கும் முக்கோணச் சாவி என்று ஒவ்வொன்றாக அவனே வாங்கிச் சேர்த்தது. வேலை முடிந்ததும் பையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவது கம்பெனி ஒழுங்கு. சாவி பெரியப்பாவின் இடுப்பில். காலையில் அவர் அதை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, அலமாரியைத் திறந்து, பரிசு வழங்குகிறவர் மாதிரி இரண்டு கையாலும் பையை எடுத்துக் கொடுப்பார். சாயங்காலம் வாங்கி வைப்பார்.

வேறு ஊர் லிஃப்ட் கம்பெனி ஒன்று வாரிசுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. தங்க இடம் உண்டு. ஒரே நிபந்தனை, கருவி சொந்தமாக இருக்க வேண்டும். போனில் பேசிய மேனேஜர் அவன் பெயரைக்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. "வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு எங்க வேன் உங்க பஸ் ஸ்டாண்டுக்கு வரும். டூல்ஸ் பையோட நில்லு. டிரைவர் பையைப் பார்த்து ஏத்திக்குவான். விட்டுட்டா அப்புறம் வேற ஆளைப் போட்டுடுவோம்" என்றார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"நேராவே கேட்டு வாங்கிட்டுப் போயேன்" என்றான் வக்கீல். மூவரும் மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய ஆலோசனை மண்டபம் அதுதான். கிரீஸ் வாடை, மோட்டார் சூடு, ஜன்னல் கிடையாது. முதலாளி அங்கே வரமாட்டார் என்பது ஒன்றுதான் வசதி.

"கேட்டா என்ன ஆகும்னு தெரியாதா?" என்றான் வாரிசு.

தெரியும். முதல் தடவை வேறு வேலைக்குப் போகிறேன் என்று அவன் சொன்னபோது பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு வாயு என்றார். இரண்டாவது தடவை அவன் இன்னும் சொல்லவே இல்லை, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்த சத்தத்துக்கே நெஞ்சுவலி வந்துவிட்டது. பெரியம்மா வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். அம்மா ஊரிலிருந்து போன் போட்டு, "உன்னை ஆளாக்கினவர்டா, அவர் உசுரை வாங்கிட்டுத்தான் நீ பெரிய ஆளாகணுமா?" என்று அழுதாள். பெட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில் போனது. அந்த வீட்டில் யாரும் அவனைக் கட்டிப்போடவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அதுதான் தொல்லை, கட்டிப்போட்டிருந்தால் அவிழ்த்துக்கொண்டு ஓடியிருக்கலாம்.

"அப்போ திருடிட வேண்டியதுதான்" என்றான் ஜெனரேட்டர். அந்தக் கட்டடத்தில் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"மெதுவாடா."

"மெதுவாத்தானே சொன்னேன்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சட்டம் பேசும்போது அப்படிச் செய்வான். "சொந்தப் பொருளை எடுக்கிறது திருட்டாகாது. ஆனா கம்பெனி வளாகத்துல, கம்பெனி நேரத்துல, முதலாளிக்குத் தெரியாம எடுத்தா, அது திருட்டு மாதிரி."

"மாதிரின்னா? உள்ள போடுவானா மாட்டானா?" என்றான் ஜெனரேட்டர்.

"அதெல்லாம் மூணாவது வருஷப் பாடம். நான் ரெண்டாவது வருஷத்தோட நின்னுட்டேன்."

திட்டம் எளிமையானது. முதலாளி மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் ஒரு தூக்கம் போட்டுவிட்டு நாலு மணிக்குத்தான் வருவார். அதற்குள் பையை எடுத்து ஒரு பழைய மின்விசிறி அட்டைப் பெட்டியில் வைக்க வேண்டும். ஏனென்றால் பையின் இரண்டு பக்கமும் கம்பெனி பெயரைச் சிவப்புப் பெயின்டில் முதலாளியே எழுதி வைத்திருந்தார். பெட்டியை ஜெனரேட்டர் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவான். அவன் பெட்டி தூக்கினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மசகுப் பிரிவின் துணைத் தலைவருக்குத் தினமும் அதுதான் வேலை. வாரிசு பின்னாலேயே வெறுங்கையோடு போவான்.

இவர்கள் ஏன் உதவினார்கள் என்று கேட்டால், நட்பு என்றுதான் இருவரும் சொல்வார்கள். மூவரில் ஒருவனாவது வெளியே போனால் மற்ற இருவருக்கும் வழி தெரியும் என்பது சொல்லாமல் விட்ட காரணம்.

முதலாளி சாப்பிடப் போனதும் நாலாம் மாடியில் அவர் அறைக்கு இறங்கினார்கள். முதல் சிக்கல் அலமாரி முன்னால் வந்தது. பூட்டைக் கழற்றத் திருப்புளி வேண்டும். திருப்புளி அலமாரிக்குள் இருந்தது.

"கம்பெனியில வேற திருப்புளியே இல்லையா?"

"எல்லாமே உள்ளதான். ஒழுங்கு."

ஒரு கரண்டியின் காம்பை வைத்து ஜெனரேட்டர் ஒரு ஆணியைத் திருகினான். காம்பு வளைந்தது, ஆணி அசையவில்லை. வக்கீல் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்கூட்டர் சத்தத்துக்கும் "அவர்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் ஜெனரேட்டர் ஆத்திரத்தில் கைப்பிடியைப் பிடித்து ஒரு இழு இழுத்தான்.

அலமாரி திறந்துகொண்டது.

வாரிசு குனிந்து பூட்டைப் பார்த்தான். நாக்கு என்றோ உடைந்து உள்ளே விழுந்திருந்தது. உடைந்த இடம் துருப்பிடித்துப் பழுப்பாக இருந்தது. காலையும் மாலையும் பெரியப்பா சாவியைச் சுற்றியது, செருகியது, திருகியது எல்லாம் வெறும் சடங்கு. இத்தனை நாளும் கதவு திறந்தேதான் இருந்திருக்கிறது. யாரும் இழுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"சிரிக்கிறதா அழறதான்னு தெரியல" என்றான் வக்கீல்.

"வேன்ல போய்ச் சிரிச்சுக்கலாம், தூக்கு" என்றான் ஜெனரேட்டர். தூக்குவதற்கு முன்னால் அவன் முதலாளியின் மேஜைப் பக்கம் போய்விட்டு வந்ததை மற்ற இருவரும் கவனிக்கவில்லை.

படிக்கட்டில் இறங்கியிருக்கலாம். நாலு மாடிதான். ஆனால் அந்தக் கம்பெனி ஆட்களுக்குப் படிக்கட்டு என்ற ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. "லிஃப்ட்காரன் படியில ஏறினா பாக்கிறவன் என்ன நினைப்பான்?" என்பது முதலாளியின் கட்டளை. அந்தக் கட்டடத்து லிஃப்டை அவர்கள்தான் பராமரித்தார்கள். அதாவது, ஊரில் உள்ள மற்ற லிஃப்டுகளை எல்லாம் பராமரித்தார்கள். இதை மட்டும், வீட்டுக்குள்ளேயே இருக்கிறதுதானே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். கதவு மூடும்போது மேலே ஒரு சக்கரம் கிறீச்சிடும். மூவரும் அந்தச் சத்தத்துக்கு இணையாக ஒரு 'அடுத்த வாரம்' சொல்லிக்கொள்வது வழக்கம்.

லிஃப்ட் கீழ்த்தளத்துக்கு வந்தது. கதவு திறந்தது.

எதிரே பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். புதுச் சட்டை, தலையில் எண்ணெய்ப் பளபளப்பு, அக்குளில் ஒரு ஃபைல். உள்ளே இருப்பவர்கள் இறங்கட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது. நேரே உள்ளே வந்து, நாலாம் எண்ணை அழுத்தினார்.

"நல்லதாப் போச்சு, மூணு பேரும் இங்கயே இருக்கீங்க. ஆஸ்பத்திரி முதலாளி வர்றார். ஒன்பது மாடிக் கட்டடம், ஆறு லிஃப்ட். காண்ட்ராக்ட் பேச நம்ம ஆபீசுக்கே வர்றேன்னுட்டார். தூக்கத்தை விட்டுட்டு ஓடி வர்றேன். அது என்ன பெட்டி?"

"பழைய ஃபேன் சார்" என்றான் வக்கீல். "அப்புறப்படுத்தறோம்."

"இப்ப எதுக்கு? மேல கொண்டு வாங்க. பெட்டியும் கிட்டியுமா வாசல்ல நின்னா வர்றவர் என்ன நினைப்பார்?"

கதவு மூடியது. சக்கரம் கிறீச்சிட்டது. லிஃப்ட் ஏறியது. முதல் மாடி போனது, இரண்டாவது போனது. வாரிசு பெட்டியைப் பார்த்தான், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டேகால். பஸ் ஸ்டாண்டு பக்கம்தான். மேலே போய், ஏதாவது சொல்லி, மறுபடி இறங்கி...

மேலே 'டக்' என்றது. ஏதோ தேய்ந்தது. லிஃப்ட் ஒரு தடவை உடம்பை உலுக்கிக்கொண்டு நின்றது. தலைக்கு மேல் ஓடிய சின்ன மின்விசிறியும் கூடவே நின்றது.

முதலாளி நாலாம் எண்ணை மறுபடி அழுத்தினார். பிறகு மூன்றை. பிறகு, உரிமையாளர் என்ற முறையில், எல்லாவற்றையும்.

"என்னடா இது?"

"கதவுச் சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கிடுச்சு பெரியப்பா" என்றான் வாரிசு. கதவைக் கையால் தள்ளிப் பார்த்தான். சுவர் மாதிரி நின்றது.

"சரி, எடுத்து மாட்டு."

"பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் வேணும். திருப்புளி வேணும்."

"எங்க இருக்கு?"

"அலமாரியில" என்றான் வாரிசு. கேட்கும்போது பொய் மாதிரியே இருந்தது.

"சாவி என்கிட்டதான் இருக்கு" என்று பெரியப்பா இடுப்பைத் தட்டிக் காட்டினார், பாதி வேலை முடிந்துவிட்ட திருப்தியோடு. "வெளியில யாரையாவது கூப்பிடுவோம்."

"யாரை சார்?" என்றான் ஜெனரேட்டர். "கம்பெனி முழுக்க இங்கதான் இருக்கு."

"எதிர்த் தெரு லிஃப்ட் கம்பெனிக்காரங்களை?" என்றான் வக்கீல்.

"நான் இதுக்குள்ளயே போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்ல, அவனுங்க கை இந்தக் கதவுல படக் கூடாது." பெரியப்பா மோவாயை உயர்த்தினார். "நம்மகிட்ட நடைமுறை இருக்கு." சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

துளைகள் போட்ட தகட்டுக்குள்ளிருந்து அவருடைய குரலே வந்தது. ரேடியோவுக்குக் கொடுக்கிற மாதிரி, ஒரு வாரம் ஒத்திகை பார்த்துப் பதிவு செய்தது. "அன்பார்ந்த பயணியே, பதற வேண்டாம். தாங்கள் உயர்வின் பாதையில் சற்றே இளைப்பாறுகிறீர்கள். எங்கள் வல்லுநர் புறப்பட்டுவிட்டார்."

முதலாளி கண்ணை மூடி அனுபவித்தார். அடுத்த நொடி வாரிசின் சட்டைப் பையில் போன் அடித்தது.

ஊரில் எந்த லிஃப்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் அவசர உதவி இயக்குநரின் போன்தான் அடிக்கும். நடுநிசியானாலும், குளித்துக்கொண்டிருந்தாலும். வாரிசு போனை எடுத்துப் பார்த்துவிட்டு, அடிக்க விட்டான்.

"எடுடா" என்றார் பெரியப்பா.

"பக்கத்துலதானே இருக்கேன்."

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? எடுத்துப் பேசு."

வாரிசு போனைக் காதில் வைத்தான். "வணக்கம், அவசர உதவி" என்றான். அவன் சொன்னது ஒரு தடவை வாயிலிருந்தும், ஒரு தடவை சுவரிலிருந்தும் கேட்டது.

பெரியப்பா தகட்டின் பக்கம் குனிந்தார். "நாங்க மாட்டிக்கிட்டோம்பா."

"எத்தனை பேர்?"

"நாலு பேர். ஒருத்தர் முக்கியமானவர்."

"எங்க மாட்டிக்கிட்டிருக்கீங்க?"

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல. எப்ப வருவே?"

வாரிசு வாயைத் திறந்தான். முகத்துக்கு நேரே சொல்லவே முடியாத விஷயம், போனில் என்றதும் ஏனோ வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. "நான் வர மாட்டேன். இன்னிக்கு மூணு மணிக்கு நான் வேற ஊருக்கு வேலைக்குப் போறேன்."

மின்விசிறி நின்றுவிட்ட அந்தப் பெட்டிக்குள் அது கணீரென்று கேட்டது. சுவரும் ஒரு தடவை சொன்னது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றினான். ஜெனரேட்டர் அசைந்த அசைவில் அவனுடைய கால்சட்டைப் பைக்குள்ளிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது.

பெரியப்பா நிமிரவில்லை. தகட்டைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, "வாடிக்கையாளர்கிட்ட இப்படிப் பேசக் கூடாது" என்றார். "வந்துட்டிருக்கேன்னுதான் சொல்லணும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்." பொத்தானை விட்டார்; அழைப்பு நின்றது. "அது என்ன சத்தம்? என் மேஜை மணி மாதிரி இருக்கு."

"லிஃப்ட் மணி சார்" என்றான் வக்கீல்.

"லிஃப்ட் மணியை நாமதான் எப்பவோ கழட்டிட்டோமே. டீ நேரத்துல அடிச்சுத் தொல்லை பண்ணுதுன்னு."

"காதுல மிச்சம் இருக்கும் சார்."

பெரியப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. "முட்டி வலிக்குது" என்று சொல்லி, மின்விசிறிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பெட்டிக்குள் இரும்பு இருந்ததால் தாங்கியது. பழைய ஃபேன் இவ்வளவு உறுதியாக இருக்குமா என்று அவருக்குத் தோன்றவில்லை. உட்கார்ந்தால் எதுவும் தன்னைத் தாங்கும் என்பது அவருடைய பொதுவான நம்பிக்கை.

நேரம் போனது. மேலே ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. மூச்சுவிட்ட காற்றையே திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். வாரிசு கண்ணாடிச் சுவரில் சாய்ந்து பெரியப்பாவின் உச்சந்தலையைப் பார்த்தான். அவரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொன்னால் போதும். பெட்டியைத் திறந்தால் கதவைத் திறந்துவிடலாம். கதவைத் திறந்தால் பை போய்விடும். அடுத்த பூட்டு நிஜமான பூட்டாக இருக்கும். திறக்காவிட்டால் மூன்று மணி போய்விடும். இரண்டு பக்கமும் அளந்து பார்த்தான். லிஃப்டுக்கு உள்ளே இருந்த இடம்தான் மிச்சம்.

இரண்டரைக்கு மேல் ஆகியிருக்கும். வெளியே, தலைக்கு மேலே மூன்றாம் மாடியில், செருப்புச் சத்தமும் ஒரு பெரிய உடம்பு மூச்சிரைப்பதும் கேட்டது.

"யாருப்பா உள்ள?" என்றது ஒரு குரல். "நாலாவது மாடியில லிஃப்ட் கம்பெனி இருக்குன்னாங்க. லிஃப்டே வரல. மூணு மாடி ஏறிட்டேன், உசுரு போகுது."

ஆஸ்பத்திரி முதலாளி.

பெரியப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. ஆனால் குரல் தகட்டுக் குரலாக வந்தது. "வாங்க வாங்க. பதற வேண்டாம். உள்ள ஒரு ஒத்திகை நடந்துட்டிருக்கு. அவசர காலப் பயிற்சி. மாசாமாசம் பண்றது."

"ஓஹோ. எப்ப முடியும்?"

"இதோ முடிஞ்சுட்டே இருக்கு."

சொல்லிவிட்டு அவர் கையை முட்டியின் மேல் வைத்தார். வாரிசு அதைப் பார்த்தான். பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் வலது கை இடது மார்புக்குப் போகும், ஒரு கண் யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கும். இப்போது கை முட்டியில் செத்துக் கிடந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"பெரியப்பா."

"ம்."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்லையே" என்றார் பெரியப்பா.

அவர் இல்லை என்று சொன்னது வாரிசின் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அவன் முழங்காலில் உட்கார்ந்தான்.

"கொஞ்சம் எந்திரிங்க பெரியப்பா."

"எதுக்கு?"

"எந்திரிங்க."

வக்கீல் தலையை ஆட்டிப் பார்த்தான், வேண்டாம் என்று. ஜெனரேட்டர் கூரையைப் பார்த்தான். பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாரிசு அட்டையைப் பிரித்தான். சிவப்புப் பெயின்டில், பெரியப்பாவின் சொந்தக் கையெழுத்தில், கம்பெனியின் பெயர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

பெரியப்பா பையைப் பார்த்தார். இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி பையைப் பார்த்தார். வாரிசு அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரை எடுத்து, ஜெனரேட்டரின் தோளில் கால்வைத்து ஏறி, கதவுக்கு மேலே இருந்த மூடியைக் கழற்றினான். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. சக்கரத்தின் போல்ட்டைத் தளர்த்தி, திருப்புளியால் நெம்பி, தண்டவாளத்தில் ஏற்றி, முறுக்கினான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அத்தனை நாள் தள்ளிப்போட்ட வேலை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்தது.

"என்ன நடக்குது உள்ள?" என்றது வெளிக்குரல்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "எங்க ஆளுங்க கருவிப் பை இல்லாம லிஃப்ட்ல கால் வைக்கமாட்டாங்க சார்" என்றார் உரக்க. "அதுதான் இன்னிக்கு ஒத்திகை. பையை எங்க வேணா ஒளிச்சு வெச்சாலும் கண்டுபிடிச்சு எடுக்கணும்."

உள்கதவு திறந்தது. வெளிக்கதவின் கொண்டியை வாரிசு திருப்புளியால் தட்டிவிட்டான். மூன்றாம் மாடித் தரை அவர்களுடைய மார்பு உயரத்தில் இருந்தது. அங்கே பளபளப்பான ஒரு ஜோடி ஷூவும், அதற்கு மேலே ஒரு பெரிய வயிறும் தெரிந்தன.

பழுதுபார்க்கிறவன் கடைசியில்தான் ஏற வேண்டும், அதுவும் நடைமுறை. முதலில் ஜெனரேட்டர் தாவி ஏறினான், பாதி வழியில் 'டிங்' என்றான். வாரிசு பையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது கண்ணால் கேட்டான். ஜெனரேட்டர் கண்ணால் சரி என்றான். பஸ் ஸ்டாண்டு. நான் பின்னாலேயே வருகிறேன். பை படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தது.

அடுத்து பெரியப்பாவை ஏற்றினார்கள். அடுத்து வக்கீல். கடைசியாக வாரிசு கையை நீட்டினான். மேலிருந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தது பெரியப்பா. இழுத்து நிறுத்தின பிறகும் விடவில்லை. உள்ளங்கை ஈரமாக, சூடாக இருந்தது.

"இவன்தான் சார் என் வாரிசு" என்றார் ஆஸ்பத்திரி முதலாளியிடம்.

ஆஸ்பத்திரி முதலாளி இன்னும் மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். வாரிசை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க லிஃப்ட்ல போன மாசம் நானே மாட்டிக்கிட்டேன்யா. ஒரு பய வரல. இந்தப் பையன் கையில வேலை இருக்கு. இவன் எங்க கட்டடத்துலயே இருப்பானா? அப்படின்னா சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன். அஞ்சு வருஷம். மேல மோட்டார் ரூம் பக்கத்துலயே ஒரு ரூம் இருக்கு, கட்டில் போட்டுடலாம்."

"அவன் எங்க போகப் போறான்" என்றார் பெரியப்பா. கையை இன்னும் விடவில்லை. அவர் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. உள்ளே வேர்த்தது நிஜமா, அதுவும் ஒரு ஒத்திகையா என்று வாரிசுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமும் இல்லை.

படிக்கட்டு பக்கத்திலேயே இருந்தது. கையை உதறிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் ஒரு பெரிய மனிதர் முன்னால் பெரியப்பாவின் கையை உதறுவது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நாலாம் மாடிக்கு நடந்தே ஏறினார்கள். பெரியப்பா, வந்தவருக்காக முதல் தடவையாகக் கட்டளையை மீறினார். சுழல் நாற்காலியில் வந்தவரை உட்கார வைத்தார். டீ வந்தது. பேச்சு நடந்தது. கையெழுத்து ஆனது. பெரியப்பா மேஜை மணியை அடிக்கக் கை நீட்டி, மணி இல்லாததைக் கண்டு, மேஜையைத் தட்டினார். வக்கீல் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இது சட்டப்படி செல்லும் சார்" என்றான், யாரும் கேட்காமலே. வாரிசு நின்றுகொண்டே இருந்தான். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டை நெருங்கியது, தொட்டது, தாண்டியது. வேன் கொஞ்சம் தாமதமாகக்கூட வரலாம் என்று நினைத்துக்கொண்டான். ஜெனரேட்டர் டிரைவரிடம் பேசி நிறுத்தி வைப்பான். அவன் பேசினால் வண்டி நின்றுதான் ஆக வேண்டும்.

ஆஸ்பத்திரி முதலாளியை வக்கீல் கீழே கூட்டிக்கொண்டு போனான், படிக்கட்டு வழியாக. அறையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

பெரியப்பா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். "நான் ஒண்ணும் கேக்கல" என்றார். "பையை உள்ள வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

அலமாரி சாத்தியிருந்தது. அவர் திறந்து பார்க்கவில்லை. சாவியைச் செருகி, இல்லாத நாக்கை இரண்டு தடவை திருகி, கதவைத் தட்டிக் கொடுத்தார். "பெரியம்மாகிட்ட சொல்லி அந்த இஸ்திரி மேஜையை எடுக்கச் சொல்றேன். ரூம் விசாலமா இருக்கும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவேல்ல." பிறகு, "கார்டு மாத்தி அடிக்கணும். இணை நிர்வாக இயக்குநர். நல்லா இருக்கா?"

போன் அடித்தது. ஜெனரேட்டர். பின்னால் ஒரு எஞ்சின் ஓடும் சத்தமும், காற்றும்.

"மாப்ளே, தப்பா நினைச்சுக்காதே" என்று அவன் கத்தினான். போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "டிரைவர் இறங்கி வந்து பையைப் பார்த்தான். ஏறுன்னான். இல்ல, வேற ஆளு வருவான்னு சொன்னேன். சத்தியமாச் சொன்னேன். பை வெச்சிருக்கிறவனைத்தான் ஏத்தச் சொன்னாங்க, ஏறப் போறியா இல்லையான்னான். நீயும் காணோம். ஏறிட்டேன்."

"உனக்கு எண்ணெய் போடத்தானேடா தெரியும்?"

"போகப் போகக் கத்துக்குவேன். அந்த முக்கோணமா இருக்கே, அது எதுக்கு மாப்ளே?"

வேன் எங்கோ ஒரு பள்ளத்தில் குதித்தது. காற்றுக்கு நடுவே, தெளிவாக, 'டிங்' என்று கேட்டது.

"யாருடா போன்ல?" என்றார் பெரியப்பா.

"யாரோ மாட்டிக்கிட்டாங்களாம்."

"எங்க?"

வாரிசு அலமாரியைப் பார்த்தான். "பக்கத்துலதான்."

"அப்போ நடைமுறைப்படி சொல்லு, என்ன யோசனை?" பெரியப்பா நாற்காலியில் சாய்ந்து ஒரு அரைச் சுற்றுச் சுற்றினார்.

வாரிசு போனை வாயருகில் கொண்டுபோனான். எதிர்முனையில் வெறும் காற்றுதான் இருந்தது.

"வந்துட்டிருக்கேன்" என்றான்.